கண்ணுக்குள் ஒரு வாய்க்கால் அடைப்பு



இம்முறை நான் எழுதுவது வேதபாடம் அல்ல, கண்ணைப் பற்றிய பாடம். வார்டுகளைச் சுற்றி வருகிற போதகருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இதைப் பற்றி எனக்குத் தெரியாதிருந்தபடியால் ஒரு மனிதர் ஆறு வாரங்களை வீணாய் இழந்தார். அதனால்தான் நானே இதைப் படித்து எழுதத் துணிந்தேன். நம் கண் பிரிவு டாக்டரம்மா பொறுமையாய் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எழுதியதை இருமுறை திருத்தியும் தந்தார்கள்.

அந்த மனிதர் கண்டெய்னர் லாரி ஓட்டுநர். வயது ஐம்பத்து நான்கு. துறைமுகத்துக்குள் போவதற்காக எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையில் நிற்கும் லாரிகளை வடசென்னையில் அறியாதவர் இல்லை. இரவெல்லாம் ஸ்டியரிங் மேல் சாய்ந்து அரைத் தூக்கம், நேரங்கெட்ட நேரத்தில் பரோட்டா, இடையிடையே டீ, பீடி. அவருடைய மனைவி நம் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்காகப் படுத்திருந்தார். நான் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது வராந்தாவில் இவர் என்னை நிறுத்தினார்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். நேத்து காலைல சோப்பு போட்டு மூஞ்சி கழுவச் சொல்ல வலது கண்ணுல நுரை பூந்துச்சி. அத்த மூடிக்கினு பாத்தா, எடது கண்ல ஒரே பொகையா கீது. நடுவுல யாரோ கை வெச்சு மறைச்சா மாதிரி. வலி கிலி ஒண்ணுமில்ல."

நான் உடனே பதில் சொன்னேன்: "வயதாகிறதல்லவா தம்பி, புரையாயிருக்கும். அம்மா வீடு திரும்பட்டும், பிறகு மெதுவாகக் காட்டிக்கொள்ளலாம்." கேட்டவர் நிம்மதியாய்ப் போய்விட்டார். அந்த நிம்மதிதான் தவறு.

புரை ஒரே இரவில் வருவதில்லை. அது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல மூடும். நேற்று தெரிந்த கண் இன்று வலியில்லாமல் மங்கிப்போனால் அது புரை அல்ல என்றே எண்ணவேண்டும். அப்படித் திடீரென்று மங்கச் செய்யும் நோய்கள் சில உண்டு. அவற்றுள் நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் அடிக்கடி காணப்படுவது விழித்திரைச் சிரை அடைப்பு. விழித்திரையின் இரத்தக் குழாய்களைப் பற்றிய நோய்களில் சர்க்கரை வியாதியால் வரும் பாதிப்புக்கு அடுத்த இடம் இதற்குத்தான். 2015ஆம் ஆண்டில் உலகில் ஏறக்குறைய 2 கோடியே 80 லட்சம் பேருக்கு இது இருந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பேச்சுத் தமிழில் நரம்பு என்றால் எல்லாம் நரம்புதான். கையில் ஊசி போட நர்ஸம்மா தேடுவதும் நரம்பு, பல் கூசுவதும் நரம்பு. ஆகவே "கண் நரம்பு அடைத்திருக்கிறது" என்று யாராவது சொன்னால், கேட்பவர் நேரே மருந்துக் கடைக்குப் போய் நரம்புத் தளர்ச்சிக்கு டானிக் கேட்கிறார். நம் ஓட்டுநரும் ஒரு பாட்டில் குடித்திருந்தார். உண்மையில் மூன்று வேறு பொருள்களை நாம் ஒரே சொல்லால் அழைக்கிறோம். இருதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் குழாய் தமனி. உபயோகப்பட்ட இரத்தத்தைத் திரும்ப இருதயத்துக்கு எடுத்துச் செல்வது சிரை. பார்த்த காட்சியை மூளைக்கு அனுப்பும் தந்திக் கம்பி போன்றதே நரம்பு. இங்கே அடைபடுவது சிரை. டானிக்குக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

விழித்திரை என்பது கண்ணின் உட்சுவரில் பின்புறமாய் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம். கனம் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். வெளிச்சத்தை உணர்வது இதுதான். ஆங்கிலத்தில் இதற்கு ரெட்டினா என்று பெயர். வலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது. அதற்கும் முன்னே, கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹெரோபிலஸ் என்ற மருத்துவர் இந்தப் படலத்தை வீச்சுவலைக்கு ஒப்பிட்டுப் பெயர் வைத்தார். அவர் எடுத்துக்கொண்ட கிரேக்கச் சொல் ஆம்ஃபிப்ளெஸ்ட்ரான். செமினரியில் கிரேக்கம் படித்த எவரும் இதைக் கண்டதும் நிமிர்ந்து உட்காருவார். கலிலேயாக் கடலில் பேதுருவும் அந்திரேயாவும் வீசிக்கொண்டிருந்த வலைக்கு மத்தேயு நான்காம் அதிகாரத்தில் எழுதப்பட்டிருப்பதும் அதே சொல்தான். காசிமேட்டுக் கரையில் சுருட்டி வைத்த வலையைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்குக் கண்ணின் உள்புறம் நினைவுக்கு வருகிறது.

இந்த வலைக்குள் மையத் தமனி ஒன்று, கண் நரம்பின் நடுவே நுழைந்து கிளை கிளையாய்ப் பிரிகிறது. மயிரிழையிலும் மெல்லிய நுண்குழாய்களில் இரத்தம் பாய்ந்து, பின்பு சிறு சிரைகளில் சேர்ந்து, அவை ஒன்றுகூடி மையச் சிரையாகி, வந்த வழியே வெளியேறுகிறது. வருவதற்கு ஒரு வாசல், போவதற்கு ஒரு வாசல். மாற்றுவழி என்று சொல்லத்தக்கது இல்லை.

கேப்டன் காட்டன் கால்வாய்க்குப் பக்கத்துத் தெருக்களில் குடியிருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். வெளியேறும் வழியில் குப்பையும் சேறும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் எங்கே போகும்? பின்வாங்கித் தெருவில் நிற்கும், பிறகு வாசற்படி ஏறி வீட்டுக்குள் வரும். குழாய்த் தண்ணீர் வருவதில் யாதொரு குறையும் இல்லை, போக்கில்தான் குறை. சிரை அடைத்த கண்ணில் நடப்பதும் அதுவே. தமனி இரத்தத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. வெளியே போக வழியில்லாத இரத்தம் சிரைகளைப் புடைக்கச் செய்து, நுண்குழாய்களின் சுவர் வழியே கசிகிறது. மருத்துவர் உள்ளே பார்க்கும்போது தீக்கொழுந்துகள் போலச் சிவந்த கீற்றுகள் தெரியுமாம். மையச் சிரையே அடைத்திருந்தால் விழித்திரை முழுவதும் அப்படி இருக்கும். ஒரு கிளைச் சிரை மாத்திரம் அடைத்திருந்தால் அந்தக் கிளை போகும் பகுதி மட்டும் சிவந்திருக்கும். கிளையடைப்பே அதிகம். மைய அடைப்பைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு.

இந்த இரத்தம் வெளியே தெரியாது. கண் சிவப்பதும் இல்லை, பீளை தள்ளுவதும் இல்லை. மெட்ராஸ் ஐ வந்தால் தெருவே ஒதுங்கிப் போகும். ஆபத்து அதிகமான இந்த நோய் வந்தவரைப் பார்த்தாலோ கண் பளிச்சென்று இருக்கும்.

சிரை ஏன் அடைக்கிறது? விழித்திரையில் தமனியும் சிரையும் பல இடங்களில் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. கடக்கும் அந்த இடத்தில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே உறைதான் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் இரத்தக் கொதிப்பு இருந்தால் தமனியின் சுவர் தடித்து விறைத்துப்போகும். விறைத்த தமனி, தன்னோடு ஒரே உறைக்குள் இருக்கும் மெல்லிய சிரையை நசுக்கும். நசுங்கிய இடத்தில் ஓட்டம் குலைந்து இரத்தம் உறைந்துவிடும். கிளையடைப்பு வரும் விதம் இதுவே. மையச் சிரையோ, கண்ணை விட்டு வெளியேறும்போது சல்லடை போன்ற ஒரு தகட்டின் வழியாய்த் தமனியோடு நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அங்கேதான் அது பெரும்பாலும் அடைபடுகிறது. கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு மைய அடைப்பின் ஆபத்து கூடுதல்.

ஆகவே நோய் தோன்றுவது கண்ணில், அதன் வேர் பெரும்பாலும் இரத்த அழுத்தத்தில். சர்க்கரை வியாதி, இரத்தத்தில் கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவையும் துணைபோகின்றன. இளம் வயதினருக்கு வந்தால் இரத்தம் எளிதில் உறையும் தன்மை உண்டா என்று மருத்துவர்கள் தனியே சோதிப்பார்கள். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, நம் தேசத்தில் வயதுவந்தோரில் 35.5 விழுக்காட்டினருக்கு இரத்தக் கொதிப்பு இருப்பதாகக் கண்டது. மூவரில் ஒருவருக்கும் மேல். அதில் எத்தனை பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியும்? நம் ஓட்டுநருக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தார். ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டு, தலைசுற்றல் நின்றதும் விட்டுவிட்டார். கருவாடும் ஊறுகாயும் மாத்திரம் நிற்கவில்லை. கருவாட்டைக் குறை சொல்லி இந்த வட்டாரத்தில் நான் நல்ல பெயர் வாங்க முடியாது, ஆகிலும் உப்பு உப்புதான்.

ஆறு வாரம் கழித்து அவர் திரும்ப வந்தார். லாரியைப் பின்னால் எடுக்கையில் பக்கத்து வண்டியின் கண்ணாடியை உடைத்துவிட்டாராம். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால்தான் தூரத்தைச் சரியாய் அளக்க முடியும். ஒன்று மங்கினால் முன்னே இருப்பது எவ்வளவு அருகில் என்பதில் தடுமாற்றம் வரும். இந்த முறை நான் ஆலோசனை ஒன்றும் சொல்லாமல் அவரைக் கைப்பிடித்துக் கண் பிரிவுக்கு அழைத்துப்போனேன்.

சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, டாக்டரம்மா உள்ளே பார்த்தார்கள். உயிருள்ள மனிதனின் விழித்திரையைப் பார்க்கலாம் என்பதே 1851இல் ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் கருவியை வெளியிட்ட பிறகுதான் வழக்கத்துக்கு வந்தது. பிறகு கையில் ஒரு மஞ்சள் சாயத்தை ஊசியால் ஏற்றி, அது விழித்திரையின் குழாய்களில் ஓடுவதைப் படமெடுத்தார்கள். எந்த இடத்தில் நுண்குழாய்கள் மூடிப்போயின, எங்கே கசிகிறது என்பதெல்லாம் அதில் தெரிகிறது. இந்தச் சாயம் ஏற்றினால் சிறுநீர் ஒரு நாள் ஆழ்ந்த மஞ்சளாய்ப் போகும். அதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் நோயாளி மஞ்சள் காமாலை என்று பயந்துவிடுவார், ஆகவே சொல்லிவையுங்கள் என்று நான் நம் நர்ஸம்மாக்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடைசியாக ஓ.சி.டி. என்னும் ஸ்கேன். தொடாமலே வெளிச்சத்தால் விழித்திரையைக் குறுக்காக வெட்டினாற்போல் காட்டுகிறது. 1991இல் முதன்முதல் அறிவிக்கப்பட்ட முறை இது.

அவருக்கு இருந்தது கிளையடைப்பு. விழித்திரையின் நடுவே மாகுலா என்று ஒரு சிறு இடம் உண்டு. எழுத்தை வாசிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் அதனால்தான். கசிந்த நீர் அங்கே கோத்துக்கொண்டு வீங்கியிருந்தது. பார்வையைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த வீக்கமே.

அடைப்பைத் திறக்க முடியாதா என்று அவர் கேட்டார். நானும் அதையே கேட்க இருந்தேன். இருதயத்தில் அடைப்பு என்றால் ஸ்டெண்ட் வைக்கிறார்கள், கண்ணில் ஏன் ஆகாது? அந்தச் சிரை அத்தனை மெல்லியது. அதைத் திறந்துவிடும் நல்ல வழி இன்றுவரை கைகூடவில்லை. ஆனால் அடைப்பினால் பின்னே வரும் கேடுகளை இரண்டு இடங்களில் மறிக்கலாம் என்றார்கள் டாக்டரம்மா. ஒன்று, இந்த வீக்கம். மற்றொன்று இதைவிடக் கொடியது.

இரத்தம் கிடைக்காமல் பட்டினி கிடக்கும் விழித்திரை, புதிய குழாய்கள் வேண்டும் என்று ஒரு இரசாயனத்தை வெளிவிட்டுக் கூக்குரலிடுகிறது. அந்தக் கூக்குரலுக்குப் புதுக் குழாய்கள் முளைக்கவும் செய்கின்றன. ஆனால் அவை பலமற்றவை, கண்ட இடத்தில் முளைப்பவை. சில உடைந்து கண்ணுக்குள் உள்ள கூழில் இரத்தத்தைக் கொட்டும். சில கண்ணின் முன்பக்கம் வந்து ஐரிஸ் என்னும் நிறத்திரையில் படர்ந்து, கண்ணின் நீர் வடியும் வாய்களை மூடிவிடும். அப்போது கண்ணின் அழுத்தம் ஏறி, பார்வை போவதோடு தாங்கமுடியாத வலியும் வரும். மையச் சிரை கடுமையாய் அடைத்தவர்களுக்குப் பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே இது நேர்வதால் நூறு நாள் கிளாக்கோமா என்று அதற்கு ஒரு பெயர் உண்டு. மைய அடைப்பில் இலேசானது, கடுமையானது என்று இரண்டு வகை உண்டென்றும் இரண்டையும் வேறுவேறாய் நடத்த வேண்டுமென்றும் வற்புறுத்தியவர் பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சோஹன் சிங் ஹேரே என்ற மருத்துவர். இலேசானது இலேசாகவே இருந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. 1990களில் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், தொடக்கத்தில் இரத்த ஓட்டம் ஓரளவு நன்றாயிருந்தவர்களிலும் மூன்று ஆண்டுகளுக்குள் மூவரில் ஒருவருக்கு அது கடுமையான வகையாய் மாறியது. தொடர்ந்து வந்து காட்டுங்கள் என்று மருத்துவர்கள் ஏன் அத்தனை வற்புறுத்துகிறார்கள் என்பது இதை அறிந்த பிறகே எனக்கு விளங்கிற்று.

வைத்தியத்தின் கதை சுருக்கமானது. 1984இல் கிளையடைப்பின் வீக்கத்துக்கு லேசர் ஒளி ஓரளவு பலன் தருகிறது என்று தெரிந்தது. மைய அடைப்பின் வீக்கத்துக்கு அதே லேசரால் பார்வை கூடவில்லை என்று 1995இல் தெரிந்தது. ஆகவே பல ஆண்டுகள் அப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவர்கள் காவல் காப்பதைத் தவிர அதிகம் செய்ய இயலவில்லை. புதுக் குழாய் முளைத்தால் லேசரால் சுட்டு அடக்குவார்கள், அவ்வளவே. பிறகு அந்த இரசாயனக் கூக்குரலையே அடக்கும் மருந்துகள் வந்தன. 2010இல் ரானிபிசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் இந்த நோய்க்காக அனுமதி கிடைத்தது. 2015இல் அதற்கு இணையான மருந்தை இந்திய நிறுவனம் ஒன்று நம் நாட்டிலேயே செய்து விற்கத் தொடங்கியது. புற்றுநோய்க்கென்று உண்டான பெவாசிசுமாப் என்னும் மருந்தைச் சிறு சிறு அளவாய்ப் பிரித்துக் கண்ணுக்குப் போடும் வழக்கமும் உண்டு. விலை மிகக் குறைவு. மைய அடைப்பின் வீக்கத்தில் அது விலையுயர்ந்த வேறொரு மருந்துக்கு முதல் ஆறு மாதத்தில் பின்தங்கவில்லை என்று 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் பிரிக்கும்போது கிருமி படாதபடி மிகுந்த கவனம் வேண்டும். சிலருக்கு இவற்றுக்குப் பதிலாக ஸ்டீராய்டு மருந்தும் கண்ணுக்குள் வைக்கப்படுகிறது. அதனால் கண் அழுத்தமும் புரையும் வரக்கூடும் என்பதால் ஆளைப் பார்த்தே செய்கிறார்கள்.

"கண்ணுலயே ஊசியா?" என்று ஓட்டுநர் எழுந்தே விட்டார். நானும் வெலவெலத்துப்போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பின்பு அவர் கேட்டுக்கொண்டபடி கதவுக்கு வெளியே நின்றேன். சொட்டு மருந்தால் கண்ணை மரக்கச் செய்து, மிக மெல்லிய ஊசியால் வெள்ளை விழியின் வழியே போடுகிறார்கள். மருந்தின் அளவு ஒரு மில்லியில் இருபதில் ஒரு பங்கு. நான் ஜெபத்தைத் தொடங்கி முடிப்பதற்குள் அவர் வெளியே வந்துவிட்டார். "எறும்பு கடிச்சா மாதிரி கூட இல்ல ஐயா," என்றார்.

முதல் ஊசிக்குப் பிறகு வீக்கம் வடிந்தது. இரண்டாவதற்குப் பிறகு இன்னும் தெளிவு. மூன்றாவதற்கு ஆள் வரவில்லை. தெளிந்துவிட்டதே என்று நினைத்துவிட்டார், இரத்தக் கொதிப்பு மாத்திரையை விட்ட அதே மாதிரி. அதோடு, ஊசிக்கு வரும் நாளில் கூலி இல்லை. மருந்துச் செலவுக்கு உதவி கிடைத்தாலும் அந்த நாளின் கூலியையும் மனைவியின் மருந்தையும் யார் பார்ப்பது? இந்த மருந்து அடைப்பை நீக்குவதில்லை, கசிவை மாத்திரம் சில வாரங்களுக்கு அடக்கி வைக்கிறது. கால்வாய் அடைப்பு அப்படியே இருக்க, வீட்டுக்குள் வந்த தண்ணீரை மோட்டார் வைத்து இறைப்பது போல. மோட்டாரை நிறுத்தினால் தண்ணீர் மறுபடி ஏறும். தொடக்கத்தில் மாதம் ஒன்று, பிறகு ஸ்கேனைப் பார்த்து இடைவெளியை நீட்டுவார்கள். சிலருக்கு ஓராண்டில் தேவை குறையும், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தொடரும். ஊசி இல்லாமலே ஓரளவு தெளிகிறவர்களும் உண்டு. யாருக்கு எது என்று முன்னதாகச் சொல்ல முடியாது.

வீக்கம் திரும்பியது. அவரைத் தேடிப் போனவர் நம் சமூகசேவைப் பிரிவுச் சகோதரி. அவர் மறுபடி வந்தபோது டாக்டரம்மா கோபிக்கவில்லை. இரத்த அழுத்தத்தை அளக்கச் சொன்னார்கள். 180க்கு மேல் இருந்தது. அன்று கண்ணைவிட அதற்குத்தான் முதல் வைத்தியம் நடந்தது. சிரை அடைத்த கண் உள்ளவருக்கு இருதயத்திலும் மூளையிலும் ஆபத்து இருக்கக்கூடும், மற்றக் கண்ணிலும் அடைப்பு வரக்கூடும். ஆகவே கண்ணை மட்டும் பார்த்து அனுப்பக் கூடாது என்பது அவர்கள் கொள்கை.

வாசகர்கள் வீட்டில் செய்யத்தக்க ஒரு காரியம் உண்டு. சுவரில் கட்டம் போட்ட மாதக் காலண்டர் இருக்கும். கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, மறு கண்ணால் அதைப் பாருங்கள். பிறகு மாற்றிப் பாருங்கள். ஒரு கண்ணுக்குக் கோடுகள் வளைந்தோ, நடுவில் ஒரு கட்டம் அழிந்தோ, மொத்தமும் மங்கியோ தெரிந்தால் அந்த வாரத்திலேயே கண் மருத்துவரிடம் போங்கள். இரு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மூடிவிடும். நம் ஓட்டுநருக்குச் சோப்பு நுரை உதவியது, எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. ஒரு கண் சில நொடிகளில் முழுவதும் இருண்டுபோனாலோ வாரம் அல்ல, மணிக்கணக்கு. அது தமனியே அடைத்ததாய் இருக்கலாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

நம்மிடம் வர இயலாதவர்களுக்கு எழும்பூரில் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. 1819இல் தொடங்கியது, ஆசியாவிலேயே மிகப் பழமையான கண் மருத்துவமனைகளில் ஒன்று. தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் போய் மாறினால் அடுத்த நிறுத்தம். இரத்தக் கொதிப்பு மாத்திரைக்கோ அலையவும் வேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வாங்கி அலமாரியில் வைப்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஓட்டுநர் இப்போது லாரி ஓட்டுவதில்லை. கண்டெய்னர் வண்டிக்கு இந்தக் கண் போதாது என்று டாக்டரம்மா கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார்கள். அன்று அவர் அழுததை நான் பார்த்தேன். ஆறு வாரம் முன்னே வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று நான் பின்பு தனியே கேட்டேன். "சொல்ல முடியாது ஐயா, இன்னும் கொஞ்சம் நன்றாய் இருந்திருக்கலாம்," என்றார்கள். அதே முதலாளியிடம் யார்டில் உள்ளே வரும் வண்டிகளின் எண்ணை எழுதும் வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் பாதிக்கும் சற்று மேல்.

மாதத்தில் இரண்டாம் செவ்வாய் அவர் வருகிற நாள். அழுத்தம் குறித்த சிறு நோட்டை முதலில் என்னிடம்தான் நீட்டுகிறார், நான் என்னவோ டாக்டர் என்பதுபோல. போன தடவை 134 இருந்தது. பிறகு வராந்தாவில் மாட்டியிருக்கும் காலண்டருக்கு எதிரே நின்று வலது கண்ணைப் பொத்திக்கொண்டார். தேதிகளை ஒவ்வொன்றாய்ச் சத்தமாய் வாசித்தார். 17இல் மட்டும் நின்று, தலையைச் சற்றே சாய்த்துப் பார்த்து, "இது பதினேழு தான ஐயா? கோடு கொஞ்சம் நெளியுது," என்றார். பதினேழுதான்.